கை தூக்காத நீல வண்டி

திமிர் என்று மொட்டையாகச் சொன்னால் முருகானந்தத்துக்குப் பிடிக்காது. "எந்தத் திமிருன்னு சொல்லோணுமல்ல?" என்பார். புதுச் சட்டை போட்ட அன்றைக்கு மட்டும் வருவது நெனப்பு. சட்டை கசங்கினால் அதுவும் போய்விடும், பாவம், விட்டுவிடலாம். வீட்டின் மேல் மாடி எடுத்ததும் வருவது பவுசு. நாலு எழுத்து கூடுதலாகப் படித்ததில் வருவது மண்டக்கனம். எதிரே வண்டி வருவது தெரிந்தும் பெரிய லைட்டைக் குறைக்காமல் கண்ணைக் குருடாக்கிவிட்டுப் போகிற கார்க்காரனுக்கு இருப்பது தெனாவட்டு. ஸ்டாப்பே இல்லாத இடத்தில் நின்றுகொண்டு, பஸ் நிற்கவில்லை என்றால் கண்டக்டரைப் பிடித்து ஏசுகிற ஆளுக்கு இருப்பது ஏத்தம். இருபத்தாறு வருசமாகத் திருச்செங்கோட்டுக்கும் சேலத்துக்கும் நடுவே பஸ் ஓட்டுகிறவர். ரோட்டில் பார்த்த ஒவ்வொருத்தனுக்கும் ஒரு வார்த்தை வைத்திருந்தார். அதில் கெட்ட வார்த்தை ஒன்றுகூட இருக்காது, அந்த மட்டில் தங்கமான மனுசன். ஆனால் யாரையும் ஒரு வார்த்தை சொல்லாத நாளில் அவருக்குச் சோறு செரிக்காது என்பாள் அவர் பெண்டாட்டி சாரதாமணி.

இத்தனை வார்த்தையைக் கையில் வைத்திருந்தவர், நீல வண்டிக்குப் புதிதாக வந்த கமலவேணிக்கு எது பொருந்தும் என்று தெரியாமல் ஒரு மாசம் திண்டாடினார். எந்த ஒன்றும் போதவில்லை. கடைசியில் எல்லாவற்றையும் தூக்கி அவள் தலையிலேயே போட்டார்.

விசயம் இதுதான். மொதலாளி சண்முகவேலுக்கு இரண்டு பஸ், மஞ்சள் ஒன்று, நீலம் ஒன்று. மஞ்சள் இந்தக் கோடியில் கிளம்பும்போது நீலம் அந்தக் கோடியில் கிளம்பும். ஒரு நாளைக்கு நாலு தரம் இரண்டும் எதிரெதிரே சந்திக்கும், பெரும்பாலும் மல்லசமுத்திரம் தாண்டி ஏரிக்கரை வளைவில். சந்திக்கும்போது டிரைவர்கள் இரண்டு பேரும் கையைத் தூக்கிக்கொள்வார்கள். யாரும் போட்ட சட்டமில்லை. பஸ் ஓட்டுகிற எல்லாரும் செய்வது. அரசு வண்டி, தனியார் வண்டி என்கிற பேதமெல்லாம் அதில் கிடையாது. ஸ்டாண்டில் டைம் தகராறில் சட்டையைப் பிடித்துக்கொண்டவர்கள்கூட ரோட்டில் கை தூக்காமல் போக மாட்டார்கள்.

நீல வண்டியைப் பத்தொன்பது வருசம் ஓட்டினவர் செல்லமுத்து. முருகானந்தத்தின் சினேகிதர் என்று சொல்ல அவரைத் தவிர வேறு ஆள் கிடையாது. ஆனால் பாருங்கள், ஒருத்தர் இங்கே இருந்தால் இன்னொருத்தர் அங்கே. பத்தொன்பது வருசத்தில் இரண்டு பேரும் ஒட்டுக்காக உட்கார்ந்து சோறு தின்ற நாளை விரல் விட்டு எண்ணிவிடலாம். எல்லாம் அந்தக் கை தூக்கலில்தான். செல்லமுத்து முழுசாகத் தூக்கினால் நல்லபடியாக இருக்கிறார். பாதி தூக்கினால் வீட்டில் சண்டை. இரண்டு விரலை மட்டும் காட்டினால் வண்டியின் மூணாவது கியர் மறுபடியும் மொரண்டு பிடிக்கிறது. போன ஆடியில் ஒரு நாள் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். அதற்கப்புறம் கொஞ்ச நாள் யார் யாரோ ஓட்டினார்கள். பிறகு கமலவேணி வந்தாள்.

அவள் வந்த முதல் நாள், வளைவில் நீல வண்டி தெரிந்ததுமே முருகானந்தத்தின் கை தானாக மேலே போனது. பொம்பளை டிரைவர் என்று கேள்விப்பட்டிருந்தார். அதற்காகவே கொஞ்சம் கூடுதலாகத் தூக்கினார், புதுசா வந்த புள்ளைக்கு ஒரு தைரியமா இருக்கட்டும் என்று. அவள் திரும்பவே இல்லை. பச்சைக் கண்ணாடி வளையல் போட்ட இரண்டு கையும் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தன. நேரே ரோட்டைப் பார்த்தபடி போய்விட்டாள். மறுநாளும் அப்படித்தான். அதற்கு மறுநாளும். செல்லமுத்துவின் வண்டி வருகிறது, அதிலிருந்து கை வரவில்லை. முருகானந்தத்துக்கு நெஞ்சில் சுருக்கென்றது. அவருக்கு எது சுருக்கென்றாலும் வார்த்தையாகத்தான் வெளியே வரும், வந்தது.

மல்லசமுத்திரம் ஸ்டாண்டில் மூணு நிமிசம் வண்டி நிற்கும். டீக்கடை ஆத்தாயி டம்ளரை ஜன்னலுக்கே கொண்டுவந்து கொடுப்பாள். கொடுத்துவிட்டு, "என்னங்க, இன்னைக்காச்சும் தூக்குச்சுங்களா?" என்பாள்.

"தூக்குவாளா? கையத் தூக்குனா கிரீடம் சாஞ்சுருமல்ல!"

ஒரு நாள் ராங்கி என்றார். ஒரு நாள் மெதப்பு என்றார். "காலு நெலத்துல பாவ மாட்டேங்குது ஆத்தாயி, அப்பறம் எப்பிடிப் பிரேக்கு மிதிக்கறாளோ" என்றார். "நாமெல்லாம் கண்ணுக்கே தெரியமாட்டோம், கொசு மாதிரி" என்றார். மகாராணி என்று பெயரும் வைத்தார். அது ஒட்டிக்கொண்டது. வாரம் இரண்டு போவதற்குள் அந்த ரோட்டு டிரைவர்கள் அத்தனை பேருக்கும் கமலவேணி மகாராணியாகிவிட்டாள். அவர்களும் தூக்கிப் பார்த்துக் கை வலித்தவர்கள்தான்.

வெள்ளிக்கிழமை காலை, முருகானந்தம் பல் விளக்கிக்கொண்டிருக்கும்போது மொதலாளி போன் செய்தார்.

"முருகானந்தம், திங்கக்கெழமையோட அந்தப் பொண்ணுக்கு ஒரு மாசம் ஆகுது. ஒரு மாசம் பாக்கறேன்னுதான் சேத்துனேன். வெச்சுக்கலாமா, வேண்டாமா? நீ பெரியவன், உன்ற பேச்சுத்தான்."

"ஒத்துவராதுங்க."

"ஏன், ஓட்டத் தெரியலையா?"

"ஓட்டறதுல ஒரு குத்தமும் இல்லீங்க. மண்டக்கனம். மனுசன மனுசனா மதிக்கறதில்ல. கூட ஓட்டறவங்களோட ஒட்டாம என்னங்க தொழிலு?"

"செரி, உடு. வேற ஆளுக்குச் சொல்லிவிடறேன். திங்கக்கெழமை அவன் எடுக்கட்டும்."

அவ்வளவுதான். போன் வைத்தாகிவிட்டது. மொதலாளி நாலு கேள்வி கேட்பார், நாமும் நாலு வார்த்தை சொல்லலாம் என்று நினைத்திருந்தவருக்கு வாயிலிருந்த பற்பசை கசந்தது.

பின்னால் நின்றிருந்த சாரதாமணி இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "ஒரு பொம்பளப் புள்ள பொழப்ப, பல்லு வெளக்கற நேரத்துல முடிச்சுப்போட்டீங்க. அந்தப் புள்ள மூஞ்சியாச்சும் பாத்திருக்கீங்களா?"

"எங்க பாக்கறது? அவதான் திரும்பவே மாட்டேங்கறாளே!"

"அப்பக் கையப் பாத்துட்டே வேலையப் புடுங்கிட்டீங்க. நெம்ப நல்லாருக்குதுங்க உங்க நாயம்."

அன்றைக்கு முழுக்க அவருக்குச் சோறு செரிக்கவில்லை. இத்தனைக்கும் நாலைந்து பேரை நன்றாகவே சொல்லித் தீர்த்திருந்தார்.

சனிக்கிழமை அவருக்கு ஓய்வு. மஞ்சள் வண்டியைப் பிரபாகர் என்கிற மாற்று டிரைவர் எடுப்பார். செவ்வாய்ப்பேட்டையில் வரமிளகாயும் மல்லியும் வாங்கி வரச்சொல்லி சாரதாமணி பையைக் கையில் கொடுத்தாள். "பத்து மணிக்கு நீல வண்டி வரும், அதுலயே போங்க" என்றாள். எதற்கு என்று அவரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

காக்கி இல்லாமல், வெள்ளை வேட்டியில், முன்வாசல் வழியாக ஏறி இன்ஜினுக்குப் பக்கத்து ஒற்றை சீட்டில் உட்கார்ந்தார். கமலவேணி திரும்பி ஒரு பார்வை பார்த்தாள், ஏறினவர் பத்திரமாக உட்கார்ந்துவிட்டாரா என்று பார்க்கிற பார்வை. ஆள் அடையாளம் தெரியவில்லை. எப்படித் தெரியும்? அவளுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். காக்கிச் சட்டையைச் சேலைக்கு மேலே போட்டு, மேல் பட்டன் வரைக்கும் மாட்டியிருந்தாள். நெற்றி வேர்த்திருந்தது.

முருகானந்தம் முதலில் பார்த்தது அவளை அல்ல. அவள் தலைக்கு மேலே, கண்ணாடிச் சட்டத்தில் சொருகியிருந்த கறுப்புச் சீப்பை. இரண்டு பல் உடைந்த சீப்பு. செல்லமுத்துவினுடையது. ஒவ்வொரு ஸ்டாப்பிலும் இறங்குவதற்கு முன்னால் தலை சீவாமல் அந்த மனுசன் இறங்க மாட்டார், தலையில் முடி கொட்டின பிறகும். முருகானந்தம் பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

வண்டி கிளம்பியது. இரண்டாவது கியரிலிருந்து மூணாவதுக்கு மாற்றுகிற இடம் வந்தது. அவள் லீவரை நடுவில் கொண்டுவந்து, ஒரு கணம் சும்மா விட்டு, பிறகு மெல்லத் தள்ளினாள். சத்தமே இல்லாமல் விழுந்தது. பழைய ஆள்கள் ஆறு மாசம் உதைத்து உதைத்துப் பழகின வித்தை.

"மூணாவது கியரு மொரண்டு புடிக்குமே, அதுக்குள்ள எப்பிடிப் பழகுன?" வாய் தானாகக் கேட்டுவிட்டது.

அவள் முகம் மலர்ந்தது. ரோட்டைப் பார்த்துக்கொண்டே சிரித்தாள். "உங்களுக்கு எப்பிடித் தெரியுமுங்ணா?"

"முந்தி ஓட்டுனவரு சொல்லியிருக்காரு."

"அவருதுதானுங்க இந்தச் சீப்பு. வண்டியக் கழுவி, பழசையெல்லாம் எடுத்துப் போடச் சொன்னாங்க. எனக்கு மனசு வரல. அவரு வண்டிங்ணா இது. நான் சும்மா ஓட்டறேன்."

மெதப்பு என்று சொன்னோமே என்று முருகானந்தத்துக்கு நினைவு வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆட்டையாம்பட்டிக்கு முன்னால் பாலம் வேலை நடந்துகொண்டிருந்தது. சிவப்புக் கொடிக்காரன் மறித்து நிறுத்தினான். எதிர்ப்பக்கத்து வண்டிகளை முதலில் விட்டார்கள். கமலவேணி இன்ஜினை அணைத்து, தண்ணீர் குடித்து, உடனே இரண்டு கையையும் திரும்ப ஸ்டீயரிங்கில் வைத்துக்கொண்டாள். ஒரு அரசு பஸ் எதிரே வந்தது. அதன் டிரைவர் கையைத் தூக்கினார். கமலவேணியின் கழுத்து நரம்பு விறைத்தது. நேரே கொடிக்காரனையே பார்த்தாள். பஸ் போய்விட்டது.

"அந்த டிரைவர் கை தூக்குனாரே, அம்மிணி" என்றார் முருகானந்தம்.

"பாத்தனுங்க. எல்லாருந்தான் தூக்கறாங்க. கிண்டலு."

"கிண்டலா?"

"பின்ன என்னங்ணா? எட்டு வருசம் வெண்ணந்தூர்ல இருந்து செவ்வாப்பேட்டைக்குத் துணிமூட்டை ஏத்திக்கிட்டு குட்டியானை ஓட்டியிருக்கேன், அந்தச் சின்ன லோடு வண்டிங்க. எங்கூட்டுக்காரருக்குத் தறிதான், ரோட்டுப் பக்கமே வரமாட்டாரு. ரோட்டுல ஒருத்தன் கையாட்டுவான், ஒருத்தன் கண்ணடிப்பான், ஒருத்தன் பக்கத்துலயே ஒட்டிக்கிட்டு வந்து 'ஊட்டுல சோறாக்கலையா'ம்பான். மொதல்ல திரும்பி மொறைச்சுப் பாத்தேன். மொறைச்சா இன்னும் சிரிக்கறானுக. அப்பறம் முடிவு பண்ணிட்டேன். எவன் என்ன பண்ணாலும் கழுத்து திரும்பக் கூடாது. ரோடு, கண்ணாடி, ரோடு. அவ்வளவுதான்."



அவளுக்கு ஒரு மாசமாகப் பேச ஆளில்லை போல. மடை திறந்துகொண்டது. "இவங்களாச்சும் ஒருக்கா ஆட்டிட்டுப் போயிருவாங்க. மஞ்ச வண்டிக்காரர்னு ஒருத்தரு இருக்காருங்ணா. தெனமும் நாலு தரம், ஒரு தரம் தப்பாது. கைய வெளிய நீட்டி, முழுசா! வயசான ஆளுன்னு வேற சொல்றாங்க. என்னா எகத்தாளம்! பொட்டச்சி பஸ் ஓட்ட வந்துட்டாளாம்னு. மீசக் கொழுப்புங்ணா, வேறென்ன?"

முருகானந்தத்தின் கை மீசைக்குப் போனது. மீசைக் கொழுப்பு. இருபத்தாறு வருசச் சேகரத்தில் இல்லாத வார்த்தை. வேறு யாரையாவது பார்த்துச் சொல்லியிருந்தால் அப்போதே கேட்டு வாங்கி வைத்துக்கொண்டிருப்பார்.

அந்த நேரம் பார்த்து எதிரே மஞ்சள் வண்டி வந்தது. பிரபாகர் கை தூக்கினார். ஒற்றை சீட்டில் உட்கார்ந்திருந்த முருகானந்தத்தின் கை, அவரைக் கேட்காமலேயே மேலே போனது. பிரபாகர் அடையாளம் கண்டு பல் தெரியச் சிரித்துக்கொண்டே போனார்.

"ஏனுங்ணா, அவரு உங்களுக்குத் தெரிஞ்சவரா?"

"ம்."

"நீங்களும் டிரைவருங்களா?"

"ஆமா கண்ணு."

"எந்த வண்டிங்க?"

முருகானந்தம் கொடிக்காரனைப் பார்த்தார். அவன் கொடியை இறக்குவதாக இல்லை. பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தார். இந்தப் புள்ளையிடமா?

"மஞ்ச வண்டி" என்றார்.

கமலவேணி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். வளையல்கள் சரிந்து முழங்கைப் பக்கம் போயின. அந்தக் கைகள் ஸ்டீயரிங்கை விட்டு மேலே வந்து அவர் அன்றைக்குத்தான் பார்த்தார்.

"ஐயோ சாமி! வாய்க்கு வந்ததெல்லாம் சொல்லிப்போட்டனே. மன்னிச்சுருங்ணா!"

"இருக்கட்டும், இருக்கட்டும். நல்ல வார்த்தைதான்" என்றார். "ஆனா அது கிண்டலில்ல கண்ணு. பஸ்ஸுக்காரங்க ஒருத்தருக்கொருத்தர் தூக்கிக்கறது. உனக்குத் தெரியாதா?"

"தெரியாம என்னங்ணா? சின்னதுலயிருந்து பாக்கறேன். டிரைவரு சீட்டுக்குப் பின்னால நின்னுக்கிட்டு எதிர்ல வர்ற பஸ்ஸுக்கெல்லாம் நானும் கை தூக்குவேன். எங்கப்பா மண்டைல ஒண்ணு வெப்பாரு. அவங்களுக்குள்ள தூக்கிக்குவாங்கன்னு நல்லாவே தெரியும்." நிறுத்தினாள். "எனக்குமா தூக்குவாங்கன்னுதான் தெரியாதுங்ணா."

பின்னால் ஒரு குழந்தை அழுதது. கண்டக்டர் சில்லறைக்காக யாரிடமோ மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். முருகானந்தத்துக்கு எதுவும் காதில் விழவில்லை. இந்த ஒரு மாசத்தில் இவளைப் பற்றி என்னென்ன சொன்னோம் என்று ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. கிரீடம். கொசு. கால் நிலத்தில் பாவவில்லை. அடப்பாவி மனுசா, தன்னையும் ஒரு டிரைவராக நாலு பேர் நினைப்பார்கள் என்றுகூட நினைக்கத் தெரியாத புள்ளைக்கா இதெல்லாம்?

"அப்ப, இத்தன நாளா நீங்க தூக்குனது..."

"உனக்குத்தான் சாமி. நெசமாத்தான்."

கொடி இறங்கியது. அவள் வண்டியை எடுத்தாள். இரண்டு கையும் ஸ்டீயரிங்கில் இருந்ததால் கண்ணைத் தோளிலேயே துடைத்துக்கொண்டாள், முதலில் இந்தப் பக்கம், பிறகு அந்தப் பக்கம். மூணாவது கியர் அப்போதும் சத்தமில்லாமல்தான் விழுந்தது.

சேலம் ஸ்டாண்டுக்குள் திருப்பும்போது சொன்னாள்: "திங்கக்கெழமையோட எனக்கு ஒரு மாசமுங்ணா. மொதலாளி உங்களக் கேட்டுட்டுத்தான் சொல்வேன்னாரு. அந்தக் குட்டியானைய வித்துப்போட்டுத்தான் இதுக்கு வந்தேன். சின்னதுலயிருந்து ஆசைங்க. கேட்டா உள்ளதச் சொல்லுங்ணா, அது போதும்."

கேட்டாகிவிட்டது, சொல்லியும் ஆகிவிட்டது என்று அவளிடம் எந்த வாயால் சொல்வது? "செரி கண்ணு" என்று இறங்கினார். காலை வைத்த இடத்தில் தரை இருக்கிறதா என்றே தெரியவில்லை.

மொதலாளிக்குச் செவ்வாய்ப்பேட்டையில் மொத்த மளிகைக்கடை. மூட்டை இறக்குகிற ஆட்களை விலக்கிக்கொண்டு முருகானந்தம் உள்ளே போய் நின்றார்.

"என்ன முருகானந்தம், லீவு நாளுல?"

"நேத்து நான் சொன்னது தப்புங்க. அந்தப் புள்ள இருக்கட்டும்."

சண்முகவேல் கண்ணாடியைக் கழற்றினார். "வெளையாடறயா? புது ஆளுக்குச் சொல்லிவிட்டாச்சு. திங்கக்கெழமை வெள்ளென வந்துருவான். நீ பேச்சு மாத்தி நான் பாத்ததே இல்லையே."

"நானும் பாத்ததில்லீங்க."

"நேத்து மண்டக்கனம்ன. இன்னைக்கு என்ன?"

திமிருக்கு அத்தனை வார்த்தை வைத்திருந்த மனுசன், அது இல்லாத ஒருத்தியைச் சொல்ல ஒன்றே ஒன்று தேடினார். அடக்கம் என்றால் கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போன மாதிரி இருந்தது. நல்ல புள்ள என்றால் யாரை வேண்டுமானாலும் சொல்லலாம். இத்தனை வருசமாக ஒரு பக்கத்துக்கே வார்த்தை சேர்த்திருக்கிறோம் என்று வெட்கமாக இருந்தது.

"செல்லமுத்து சீப்ப இன்னும் எடுக்காம வெச்சிருக்குதுங்க" என்றார் கடைசியில்.

மொதலாளிக்கு ஒன்றும் விளங்கவில்லை. "சீப்பா?"

"மண்டக்கனம் எனக்குத்தானுங்க. அது கை தூக்கலைன்னு மனசு நொந்து சொல்லிப்போட்டேன். செல்லமுத்து போனதுலயிருந்து எனக்கு ஒண்ணும் செரியில்லீங்க." மூட்டைக்காரர்கள் நின்று பார்த்தார்கள். அவர் கண்ணைத் துடைக்கவில்லை. "வேணும்னா என்னைய நிறுத்திப்போடுங்க. அந்த ஆளுக்கு மஞ்ச வண்டியக் குடுங்க."

"அட, சும்மாயிரு நீ. சொன்ன வாக்குன்னு ஒண்ணு இருக்குதில்ல? பாக்கறேன், போ."

பார்க்கிறேன் என்றால் பார்க்கிறேன்தான். அதற்குமேல் மொதலாளியிடம் எதுவும் பெயராது. மிளகாயும் வாங்காமல் மல்லியும் வாங்காமல் வெறும் பையோடு வீட்டுக்கு வந்து நின்றார். சாரதாமணி பையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். மிளகாயைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "உக்காருங்க, மோரு கொண்டாரேன்" என்று உள்ளே போனாள்.

ஞாயிற்றுக்கிழமை கமலவேணிக்கு ஓய்வு. நீல வண்டியில் வேறு ஆள் வந்தார், கை தூக்கினார், போனார். முருகானந்தம் மொதலாளிக்குப் போன் போட்டார். மணி அடித்து அடித்து நின்றது.

திங்கட்கிழமை காலை மல்லசமுத்திரத்தில் ஆத்தாயி டம்ளரை நீட்டினாள். "இன்னைக்கு மகாராணிக்கு என்னங்க புது வார்த்த?" பக்கத்தில் நின்ற டிரைவர்கள் சிரிக்கத் தயாராக இருந்தார்கள்.

"இனிமே அந்தப் புள்ளைய அப்பிடிச் சொல்லாதீங்க" என்றார் முருகானந்தம், எல்லாருக்கும் கேட்கும்படியாக. "நான் சொன்னதெல்லாம் தப்பு. நாம தூக்கறது தனக்குன்னே அதுக்குத் தெரியல. நாமளும் சொல்லல. போயி அவங்கவங்க வேலையப் பாருங்க." டீயைப் பாதியிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்தார்.

ஏரிக்கரை வளைவு. காலை வெயில் நேராகக் கண்ணில் அடித்தது. முன்னால் வருவதெல்லாம் கறுப்பாகத்தான் தெரிந்தது. வளைவின் அந்தக் கோடியில் ஒரு பஸ் திரும்பியது. நீலம்தான், அதன் நெற்றியில் எப்போதும் கட்டியிருக்கும் மாலையிலேயே தெரிந்தது. ஓட்டுவது யார் என்று தெரியவில்லை. முருகானந்தம் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கினார். புது ஆளாக இருந்தால் அவனும் கை தூக்குவான். தூக்காமல் இருக்க அவனுக்கென்ன? கையை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. எதுவாயிருந்தாலும் சரி என்று கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி முழுசாகத் தூக்கினார்.

நீல வண்டி நெருங்கியது. கை வரவில்லை. இன்னும் நெருங்கியது. ஜன்னலில் ஒன்றும் அசையவில்லை. முருகானந்தத்தின் கை மெல்லத் தாழ ஆரம்பித்தது.

முகத்துக்கு முகம் வருகிற அந்தக் கடைசி நொடியில் ஒரு கை வெளியே வந்தது. வெடுக்கென்று, வகுப்பில் பதில் தெரிந்த புள்ளை தூக்குகிற மாதிரி, நேராக, முழுசாக. பச்சைக் கண்ணாடி வளையல்கள் வெயிலில் மின்னிச் சரிந்தன. கழுத்து மட்டும் திரும்பவில்லை. எட்டு வருசப் பழக்கம் ஒரு நாளில் போகுமா? ரோட்டையே பார்த்துக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு, கையை மட்டும் தூக்கிப் பிடித்தபடி கமலவேணி போனாள்.

நீல வண்டி கடந்து, அதன் புழுதி அடங்கின பிறகும் முருகானந்தத்தின் கை வெளியேதான் இருந்தது. "அண்ணா, கைய உள்ள எடுங்க, லாரி வருது!" என்று பின்னாலிருந்து கண்டக்டர் கத்தினார்.